சங்கு மெதுவாகப் பாடினாள்

அவளுக்குச் சங்கு என்று பெயர் வைத்தது சலவைக்கூடம். ஆலைகளில் ஷிப்ட் முடியும்போது ஊதுவார்களே, அந்தச் சங்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பாள்.

தொண்டை பிறவியிலேயே அப்படி. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அவளைத் தனியாக அழைத்து, "நீ சத்தம் போடாம வாயை மட்டும் அசைச்சா போதும் கண்ணு" என்று கெஞ்சினார். அவளும் பெரிய மனது பண்ணி அப்படியே செய்தாள். ஆண்டு விழாவில் அத்தனை பிள்ளைகளிலும் உணர்ச்சியோடு பாடியது இந்தப் பெண்தான் என்று, வந்திருந்த பிரமுகர் மேடையிலேயே தட்டிக்கொடுத்தார். டீச்சருக்கு முகம் போன போக்கை அவள் இன்னும் மறக்கவில்லை. பாட்டு தனக்கு ஆகாத சங்கதி என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அந்தத் தொண்டைக்கென்றே செய்துவைத்த மாதிரி சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. நகரத்து ஆஸ்பத்திரிகளின் துணியெல்லாம், ஆபரேஷன் அறையின் பச்சை அங்கிகள் உட்பட, அங்கேதான் வரும். ஒரு சுவரோரம் ஆள் உயரத்துக்குத் துவைக்கும் டிரம்கள் உருளும். எதிர்ச்சுவரில் உலர்த்தும் எந்திரங்கள் ஊளையிடும். நடுவில் நீராவி உருளை படுக்கை விரிப்புகளை ஒவ்வொன்றாக விழுங்கிச் சப்பையாகத் துப்பும். மற்றவர்கள் கத்திப் பார்த்துத் தொண்டை கட்டி, மதியத்துக்குள் கை ஜாடைக்கு வந்துவிடுவார்கள். சங்கு மட்டும் இருந்த இடத்தில் இருந்தபடி, "ரத்தத் துணி தனி, பச்சைத் துணி தனி" என்று ஒரு குரல் கொடுப்பாள். வாசலில் லாரியோடு நிற்கிற டிரைவர்கூட இறங்கி வந்து பிரித்து வைத்துவிட்டுப் போவார்.

வீட்டில் அவள் புருஷன் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவர். வீடு வீடாகப் போய்ப் படியேறி இறங்கி, நாய்களிடம் பேச்சு வாங்கி வருகிற மனிதருக்குச் சங்கின் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. ரொம்பப் போனால் எழுந்து ஜன்னலை மட்டும் சாத்துவார்.

அவள் பாடகியானது தம்பியால். அவன் அவளைவிட ரொம்ப இளையவன், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கப் பஞ்சு மாதிரிப் பேசுவான். வாடிக்கையாளர் பத்துத் தடவை மாற்றிச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் பதினோராவது தடவை கேட்பான். அந்தப் பிள்ளை சாயங்காலம் டயர்க்கடைப் பின்கட்டுக்குப் போய் கிட்டாரை மாட்டினால் மட்டும் பேய் பிடித்துவிடும். அந்த வகைப் பாட்டுக்கு ஹார்ட்கோர் என்று பெயர். ஒரு பாட்டு ஒன்றரை நிமிஷம். அதற்குள் அரசாங்கம், முதலாளி, கடன் வசூலிப்பவன் என்று எல்லாரையும் ஒரு கை பார்த்துவிட வேண்டும். குழுவுக்குத் 'துரு' என்று பெயர். டிரம்ஸ் அடிப்பவர் டயர்க்கடை முதலாளி. டயரில் ஏற்ற முடியாத ஆத்திரத்தையெல்லாம் டிரம்ஸில் இறக்குவார். பேஸ் கிட்டார் வாசிப்பவர் நோட்டரி வக்கீல்; முத்திரை குத்தும் கை என்பதால் தாளம் பிசகாது.

ஒருநாள் வீட்டுச் சாவியைத் தம்பியிடம் கொடுக்கச் சங்கு டயர்க்கடைக்குப் போனாள். அப்போது ஒரு லாரி பின்னால் பார்க்காமல் டயர் அடுக்கை நோக்கி வந்துகொண்டிருந்தது. "நிறுத்துடா" என்றாள் ஒரே தடவை. லாரி நின்றது. உள்ளே பாட்டு நின்றது. எதிர்ச்சாரிக் கடையில் ஒருவர் முடி வெட்டிக்கொண்டிருந்தார், அதுவும் நின்றது. வக்கீல் மெதுவாக எட்டிப்பார்த்து, "அம்மா, அதையே மைக்ல ஒருதரம் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். பழைய பாடகன் அடுத்த வாரமே தொண்டை ஆபரேஷன் என்று சாக்குச் சொல்லி ஒதுங்கிக்கொண்டான்.

அதற்கப்புறம் நடந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. வேலை முடிந்து நேராக வந்ததால் சலவைக்கூடச் சீருடைச் சட்டையோடு பாடினாள். ரசிகர்கள் அதைக் கொள்கை என்று நினைத்துக்கொண்டு அதே நீலத்தில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். தம்பி எழுதிக்கொடுக்கும் வரிகள் அவளுக்கு மனதில் நிற்காது. பாதியில் மறந்துபோனால் வாயில் வருவதைக் கத்துவாள். வாயில் வருவது என்ன, நாள் முழுக்கச் சொல்வதுதானே. "ரத்தம் தனி, பச்சை தனி, கிழிஞ்சதை என்கிட்ட கொண்டு வா." கூட்டம் கையை முறுக்கித் திருப்பிக் கத்தும். ஒரு இசைப் பத்திரிகையில், இந்தச் சமூகம் மனிதர்களைத் தரம் பிரிக்கும் விதத்தைத் 'துரு' தோலுரிக்கிறது என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். சங்கு அதை வாசிக்கக் கேட்டுவிட்டு, "கிழிஞ்சதை நான்தானே தைக்கணும், அதைச் சொன்னேன்" என்றாள். அவளுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அதில் எதைச் சொன்னாலும் யாருக்கும் புரியாது என்பது அதைவிடப் பிடித்திருந்தது.

தம்பிக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அவள்தான். பெண் அவளோடு சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, எட்ட நின்று உதறி, கிட்டே வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி எட்டப் போக வேண்டும். எட்ட இருக்கும்போது பேசினால் எந்திரம் தின்றுவிடும். கிட்டே வரும் நேரத்தில் ஒரு வாக்கியம் பேசலாம். ஆகவே அவர்கள் பேச்செல்லாம் மடிப்புக்கு ஒரு வாக்கியம் என்று நடக்கும். வருஷக்கணக்காக அப்படிப் பேசியதில் அந்தப் பெண்ணின் நிதானம் சங்குக்குப் பிடித்துப்போய்விட்டது. வளவளப்பு கிடையாது, சொன்ன சொல்லுக்கு ஒரு எடை உண்டு. நம்ம பையனுக்கு ஏற்றவள் என்று நினைத்தாள். பேசி முடித்தாள். அதுவரை அவளை அக்கா என்று கூப்பிட்ட பெண், கல்யாணத்துக்குப் பின் அண்ணி என்று கூப்பிட்டாள்.

கொஞ்ச வருஷம் ஓடியது. பிறகு ஒருநாள் அந்தப் பெண் பெட்டியை எடுத்துக்கொண்டு தன் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் வழக்கம்போல் வேலைக்கும் வந்தாள். சங்குக்கு எதிரே நின்று விரிப்பின் முனையைப் பிடித்தவளுக்கு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அண்ணி என்பதா, அக்கா என்பதா? ஒரு வாரம் "இந்தாங்க" என்றே ஓட்டினாள். அப்புறம் பழையபடி அக்காவுக்கு வந்துவிட்டாள். சங்குக்கு அதுவே பெரிய ஆறுதல்.

"ஏன்டி போனே?" என்று சங்கு ஒரு மடிப்பில் கேட்டாள்.

எட்டப் போனார்கள். உதறினார்கள். கிட்டே வந்தார்கள்.

"எனக்கு நெஞ்சுல கட்டி மாதிரி இருந்துதுன்னு ஊசி குத்தி டெஸ்டுக்கு எடுத்தாங்கல்ல, அதை வந்து அவர்கிட்ட சொன்னேன்."

எட்டப் போனார்கள்.

"காதுல ஹெட்போன் போட்டிருந்தார். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிக் கேட்டார்."

எட்டப் போனார்கள்.

"'ம்ம்'னு சொல்லிட்டு திரும்ப மாட்டிக்கிட்டார்."

அடுத்த விரிப்பை எடுத்தார்கள். கட்டியில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது சங்குக்குத் தெரியும். ரிப்போர்ட் வாங்க ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போனதே அவள்தான். தம்பிக்குக் கடையில் ஆளில்லை போலிருக்கிறது என்று அன்று நினைத்துக்கொண்டாள்.

"ரிப்போர்ட் வந்தப்புறமாவது கேட்பார்னு பார்த்தேன், அக்கா. கேட்கவே இல்ல. ரொம்ப நாள் பார்த்தேன். அப்புறம் போறேன்னு சொன்னேன், ஏன் போறேன்னும் சொன்னேன். அப்பவும் ஒரு பக்கம்தான் தூக்கினார்."

இது ஒரே மடிப்புக்குள் சொன்னது. அன்றைக்கு அவள் எட்டப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டாள். பின்னால் மேற்பார்வையாளர் கை தட்டினார். தன் தம்பியை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் என்று சங்குக்குக் கை பரபரத்தது. தானே முன்நின்று செய்த கல்யாணம் என்ற நினைப்பும் கூடவே வந்து தொலைத்தது.

தம்பியோ வேறு உலகத்தில் இருந்தான். கண் குழிவிழுந்து, தாடி வளர்த்து, ஒரு சாயங்காலம் டயர்க்கடைக்குப் புதுப் பாட்டோடு வந்தான். கிட்டாரில் இரைச்சலையெல்லாம் குறைத்து மெல்ல மீட்டினான். எல்லாரும் திகைத்துப்போனார்கள்.

"இனிமே இப்படித்தான்" என்றான். "பாப்-பங்க். கொஞ்சம் எமோ. மெலடி இருக்கும். வரி புரியணும்."

"எமோன்னா?" என்றார் டயர்க்காரர்.

"உணர்ச்சி, அண்ணே."

"இத்தனை நாள் நான் அடிச்சது என்ன, உணர்ச்சி இல்லாம தூங்கிட்டா அடிச்சேன்?"

"அது கோபம். இது வலி."

"எனக்கு வலியெல்லாம் தோள்பட்டையிலதான் இருக்கு. அதுக்குத் தைலம் வச்சிருக்கேன்" என்றார் அவர். மெதுவாக அடிக்கச் சொன்னால் அவருக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லாமல் போய்விடும். நாலு நிமிஷப் பாட்டு என்றதும் நடுவில் டீ குடிக்க இடைவேளை உண்டா என்று கேட்டார். வக்கீல் மட்டும் கண்ணை மூடி ரசித்தார். அவர் கட்சிக்காரர்களில் பாதிப்பேர் விவாகரத்துக்காரர்கள். இந்த மாதிரிப் பாட்டுக்கு ஊரில் ஆள் பஞ்சமே இல்லை என்று அவருக்குத் தெரியும்.

தம்பி வரிகளைச் சங்கிடம் கொடுத்தான்.

கதவைச் சாத்திவிட்டுப் போனாயே
காரணம் ஒன்றும் சொல்லாமல்
கேட்கக் காத்து நின்றேனே
கேட்க ஒரு சொல் இல்லாமல்

சங்கு படித்தாள். மறுபடி படித்தாள்.

"டேய், இது நீ எழுதினதா?"

"மனசுல இருந்து வந்துதுக்கா."

"அவ காரணமே சொல்லலையா?"

"ஒரு வார்த்தை சொல்லல. திடீர்னு போயிட்டா." அவன் கண் கலங்கியது. பொய் சொல்கிற முகம் இல்லை அது. அவனுக்கு அந்தச் சொல் போய்ச் சேரவே இல்லை.

"அவ சொன்னாளாம்டா. என்கிட்ட சொன்னா."

"உன்கிட்ட ஏதாவது சொல்லியிருப்பா. அவ கூட வேலை பார்க்கிறவ நீ. அவ பக்கம்தானே பேசுவே?" என்றுவிட்டு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு சுருதி பார்க்க ஆரம்பித்தான்.

பாட மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். எனக்குப் பாட்டே வராது, டீச்சரைக் கேட்டுப் பார் என்றாள். வக்கீல் விடவில்லை, ஒருதரம் முயன்று பார்ப்போம், அப்புறம் மேல்முறையீடு செய்துகொள்ளலாம் என்றார். சரியென்று மைக்கைப் பிடித்து, பயத்தில் வழக்கத்தைவிடக் குரலை இறக்கி, மெதுவாகப் பாடினாள். டயர் அடுக்குகளுக்கு நடுவே அந்தக் குரல் வெளியே வந்தது. இனிமை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஓரமெல்லாம் பிசிறு. ஆனால் துவைத்துப் பிழிந்து கொடியில் போட்ட மாதிரி ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. டயர்க்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "அடப்பாவி, இது நல்லா இருக்கே" என்றார். தன்னையே திட்டிக்கொள்கிற தொனியில் சொன்னார்.

சங்குக்கும் அது நன்றாக இருந்தது. அதுதான் சங்கடம். வாழ்க்கையில் முதல்முறையாகப் பாட வந்திருக்கிறது. பாடக் கிடைத்தது இந்தப் பொய். கத்தும்போது எதை வேண்டுமானாலும் கத்தியிருக்கலாம். இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் தான் ஜாமீன் நிற்பது போல இருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியக் கச்சேரி முடிவானது. மூடிக்கிடந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டின் வெறும் தரைத்தளம். அலமாரிகளை எடுத்துவிட்டார்களே தவிர மேலே தொங்கிய பலகைகளை எடுக்கவில்லை. டயர்க்காரரின் தலைக்கு மேல் 'பால் பொருட்கள்' என்று இருந்தது. அதற்கு முந்தின நாள் தம்பி சங்கிடம் வந்தான்.

"அக்கா, அவளை வரச் சொல்லு. அவ இதைக் கேட்கணும்."

"எதுக்குடா?"

"கேட்டா புரியும், நான் எவ்வளவு கஷ்டப்படறேன்னு. ஒருவேளை திரும்பி வந்தாலும் வருவா. நீ பாடினா வருவாக்கா."

அவன் கெஞ்சிக் கேட்டு அவள் இதுவரை மறுத்ததில்லை. மறுநாள் பாடினால், சொன்ன பெண்ணின் முகத்துக்கு நேரே நீ சொல்லவில்லை என்று பாடுகிற ஆளாகிவிடுவாள். பாடாவிட்டால், தம்பிக்கு இருக்கிற ஒரே பிடிப்பையும் பிடுங்கிக்கொள்கிற அக்காவாகிவிடுவாள். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். புருஷன் பார்த்துவிட்டுத் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னபோது அவள் தயங்கவே இல்லை. "வரேன். கேட்கறேன். நான் எப்பவும் கேட்காம இருந்ததில்லையே, அக்கா" என்றாள்.

கச்சேரிக்கு நீலச் சட்டைக் கூட்டம் திரண்டு வந்திருந்தது. முதல் இரண்டு பாட்டு பழைய சரக்கு, தரை அதிர்ந்தது. மூன்றாவதாகத் தம்பி மெல்ல மீட்ட ஆரம்பித்ததும் பையன்களுக்கு உடம்பை என்ன செய்வது என்று தெரியவில்லை. இடித்துக்கொள்ள ஓங்கிய தோளை அந்தரத்தில் நிறுத்தினார்கள். முன்வரிசையில் காண்டாமிருகம் என்று பெயரெடுத்த ஒரு கூரியர்காரன் இருப்பான். அவன் பக்கத்தில் இருந்தவனை மிக மெதுவாக, மரியாதையாக ஒரு இடி இடித்துப் பார்த்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சங்கு மைக்கைப் பிடித்தாள். பணம் செலுத்துமிடம் என்ற பலகைக்குக் கீழே, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அந்தப் பெண் நிற்பது தெரிந்தது. முன்னால் மழை, ஜன்னல், காலி நாற்காலி என்று வந்த வரிகளை ஒழுங்காகப் பாடினாள். மழைக்கும் ஜன்னலுக்கும் அவளுக்கும் பகை ஒன்றுமில்லை. பல்லவி வந்தது. தம்பி நிமிர்ந்து அந்தப் பலகைப் பக்கம் பார்த்தான். சங்குக்கு வாய் திறந்தது. அந்தச் சொல் வரவில்லை. மெட்டு நிற்கவில்லை. மெட்டுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும்.

கதவைச் சாத்தும் முன்னே சொன்னாளே
காரணம் எல்லாம் சொன்னாளே
ஒரு காதைத் தூக்கி ம்ம் என்றாய்
மறு காதில் பாட்டு நின்றதா

தம்பி முதலில் கவனிக்கவில்லை. அக்கா வழக்கம்போல் வரியை மறந்து துணிக்கணக்கைப் பாடுகிறாள் என்று நினைத்து, பரவாயில்லை என்று கண்ணால் சைகை காட்டினான். அவள் இரண்டாவது தடவை பாடினாள். ஊசி குத்திய நாளைச் சேர்த்தாள். கட்டி என்றாள். பயந்து வந்து நின்றாளே என்றாள். அவன் முகம் வெளுத்தது. ஆனால் கை நிற்கவில்லை. அவனே கட்டிய மெட்டு, அதை விட்டுவிட்டு இறங்கி ஓட அவனுக்குத் தெரியவில்லை. பேஸ் வக்கீல் ஆட்சேபணை சொல்லாமல் தொடர்ந்தார். டயர்க்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக நிதானமாக அடித்துக்கொண்டிருந்தார்.

ஹார்ட்கோர் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வரியைப் பிடித்துவிட்டால் திருப்பிக் கத்தாமல் விடமாட்டார்கள். "சொன்னாளே, சொன்னாளே" என்று மொத்தக் கூடமும் பிடித்துக்கொண்டது. யார் சொன்னாள், என்ன சொன்னாள் என்று ஒருவனுக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொருவனுக்கும் வீட்டில் யாரோ ஏதோ சொல்லியிருந்தாள் போல. காண்டாமிருகம் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டு, "அக்கா, நான் வீட்டுக்குப் போகணும்" என்று பாதியிலேயே கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டான்.

பாட்டு முடிந்ததும் தம்பி கிட்டாரை உறையில் போட்டான். யாரையும் பார்க்காமல் பின்வழியாகப் போனான். சங்குக்கு அது பிறகுதான் உறைத்தது. அந்த நிமிஷம் நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. நியாயத்தைப் பாடிவிட்டோம் என்ற மிதப்பில் வெளியே ஓடி வந்தாள். அந்தப் பெண் வாசலில் தள்ளுவண்டிகள் நிறுத்துகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டியா?" என்றாள் சங்கு. "நல்லா இருந்துதா?"

"என் உடம்புல இருந்த கட்டியைப் பத்தி இத்தனை பேர் கைதட்டிப் பாடறாங்க. நல்லா இல்லாம என்ன?"

சங்கு நீட்டிய கையை அவள் விலக்கினாள்.

"நான் உங்ககிட்டதான் சொன்னேன். ஊருக்குச் சொல்லுங்கன்னு சொல்லல. அவருக்குக் கேட்கிற காது இல்ல. உங்களுக்குக் காது இருக்கு, வாய்க்குத்தான் கதவு இல்ல." கம்பியை விட்டுவிட்டு அவள் நடந்தாள். அக்கா என்றும் சொல்லவில்லை, அண்ணி என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சங்கு குப்புறப் படுத்துவிட்டாள். புருஷன் வந்து கால்மாட்டில் உட்கார்ந்தார். அவரும் கச்சேரிக்கு வந்து ஓரமாக நின்றிருந்தார்.

"நான் பண்ணது தப்பா?" என்று கேட்டாள்.

"தப்பா சரியானு எனக்குத் தெரியல. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நீ பாடினது எனக்குப் புரிஞ்சுது." கொஞ்சம் யோசித்து, "புரியறபடி பேசினா யாருக்காவது வலிக்கத்தான் செய்யும்" என்றார். அதைச் சொல்லிவிட்டு, பெரிதாக ஏதோ சொல்லிவிட்டோமே என்று கூச்சப்பட்டு எழுந்துபோய்விட்டார்.

மறுநாள் சலவைக்கூடத்தில் அந்தப் பெண் வேறொருத்தியோடு ஜோடி சேர்ந்து விரிப்பு மடித்தாள். சங்கு தானாகவே ஈரத்துணி இறக்கும் வேலைக்குப் போனாள். துணி கலந்து வந்தது. அவள் குரல் கொடுக்கவில்லை. லாரி டிரைவர் உள்ளே வந்து, உடம்புக்கு ஆகலையா என்று விசாரித்துவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை கிட்டே போனாள். இந்த இரைச்சலில் மன்னிப்பையும் கத்தித்தான் கேட்க வேண்டும் என்று தோன்றவே திரும்பி வந்துவிட்டாள். தம்பி போனை எடுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் தம்பியே சலவைக்கூடத்துக்கு வந்தான். கடைக்குப் போடுகிற இஸ்திரிச் சட்டை, கழுத்தில் டை. உருளைக்கும் துணிக்குவியலுக்கும் இடையே வழி தெரியாமல் தடுமாறி, கடைசியில் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து எதிரே போய் நின்றான். அவள் அப்போதுதான் விரிப்பு எடுக்க ஒரு டிரம்மின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். அவன் ஏதோ கேட்டான். கண்ணாடிக் கடைக் குரல். எந்திரம் அதை அப்படியே தின்றுவிட்டது.

"கேட்கல" என்று அவள் தலையசைத்தாள்.

அவன் திரும்பக் கேட்டான். "கேட்கல" என்றாள்.

சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு உதட்டைப் பார்த்தாலே பேச்சு புரிந்துவிடும். அவன் கேட்டது தள்ளி நின்ற சங்குக்கே முதல் தடவையிலேயே புரிந்தது. எதிரே நின்றவளுக்குப் புரியாமல் இருக்காது. இருந்தாலும் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தபடி நின்றாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்.

"அந்த ரிப்போர்ட்ல என்ன வந்துதுன்னு கேட்டேன்."

குரல் நடுவில் உடைந்தது. உருளையருகே நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். இத்தனை நாள் கழித்து, ஊரெல்லாம் பாடிய பிறகு, அந்தப் பிள்ளைக்கு இன்னும் அது தெரியாது என்பது சங்குக்கு அப்போதுதான் உறைத்தது. மேடையில் அத்தனையும் பாடினாளே, ஒன்றுமில்லை என்று வந்த செய்தியை மட்டும் அவள் பாடவில்லை. கச்சேரியிலிருந்து இத்தனை நாளும் அவன் என்ன நினைத்துக்கொண்டு தூங்கியிருப்பான்?

அந்தப் பெண் டிரம் கதவைச் சாத்தினாள். அவன் பக்கத்தில் வந்து, கத்தாமல், சாதாரணமாகப் பேச ஆரம்பித்தாள். அவன் குனிந்தான். இங்கிருந்தே எல்லாவற்றையும் படித்துவிடலாம். சங்கு திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். சுவரில் பார்க்க ஒன்றுமே இல்லை. கையிலிருந்த ஈரத் தலையணை உறையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கால் நனைந்தது. நகராமல் நின்றாள்.

வெகுநேரம் கழித்து யாரோ தோளைத் தொட்டார்கள். அவன் போய்விட்டிருந்தான். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"என்ன பேசினோம்னு கேட்க மாட்டீங்களா?"

"நீயா சொன்னா கேட்டுக்கறேன்" என்றாள் சங்கு. அவளுக்கே கேட்காத அளவு மெதுவாகத்தான் அது வந்தது. மற்றவள் அதை உதட்டில் படித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லைன்னுதான் ரிப்போர்ட் வந்துதுன்னு சொன்னேன். அழுதுட்டார். அப்புறம், நான் திரும்பி வரமாட்டேன்னும் சொன்னேன்."

எங்கேயோ ஒரு மூலையில் சங்கு இன்னும் ஆசை வைத்திருந்தாள். "அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"எதுவும் சொல்லல. ரெண்டையும் நின்னு கேட்டார்."